மிச்சச் சாய்வு

குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலையில் ஜஸ்டஸ் ஆசானின் பட்டறை இருந்தது. ஆசான் என்றதும் நரைத்த ஆளை எதிர்பார்த்து வருகிறவர்கள் அவரிடமே வந்து, "ஆசான் எங்கே?" என்று கேட்பார்கள். நாற்பதைத் தொடாத மனிதர். வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "என்ன வேணும்?" என்பார். அதற்கப்புறம் வந்தவர்தான் பேச வேண்டும்.

மாசி பிறந்த சமயத்தில் தாசையன் தன் பிக்கப் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினான். ஆசானைவிட வயதில் நன்றாக மூத்தவன். மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்துப் பிழைக்கிறவன். வண்டியின் பின்தட்டில் நீளமான அட்டைப்பெட்டி கிடந்தது. அதைப் பிரித்தான். பெருவிரல் தடிமனைத் தாண்டிய கறுப்பு இரும்புக் கம்பி, கட்டில் சட்டத்தின் மூன்று பக்கத்தை மட்டும் எடுத்தது மாதிரி இரண்டு முனையும் ஒரே திசையில் வளைந்திருந்தது.

"ஸ்டெபிலைசர் பார்," என்றான். "பின்சக்கரம் ரெண்டையும் குறுக்கே சேத்துப் பிடிக்கும். வளைவுல வண்டி சாயாதாம். கம்பெனி வண்டியில பின்னால இது கிடையாது. கோயம்புத்தூர்ல சொல்லி வரவழைச்சேன்."

ஆசான் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வச்சுட்டுப் போங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கிடலாம்."

"இல்ல ஆசான். நான்தான் மாட்டணும். நீங்க சொல்லித் தரணும்."

"எதுக்கு?"

"மலைமேல வச்சு ஒரு நட்டு இளகினா எனக்கே முறுக்கத் தெரியணும். அப்போ உங்களைத் தேடிட்டு இருக்க முடியாது."

"பெட்டி ஏத்துறதுக்கா?"

"பெட்டிக்கு இல்ல," என்றான் தாசையன். அட்டையை மடித்து ஓரமாக வைத்தான். "என் பெண்சாதிக்கு."

ஆசான் கம்பியைக் கீழே வைத்தார்.

தாசையன் சொன்னான். கனகபாய்தான் தேனீக்காரி. அவன் வெறும் டிரைவர். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தொழில் அது. ரப்பர் தளிர்க்கிற மாதங்களில் பெட்டிகளை வண்டியில் ஏற்றி மலையடிவாரத்துத் தோட்டங்களில் இறக்குவார்கள். எங்கே வைப்பது, எப்போது திறப்பது, எந்தக் கூட்டில் ராணி சோர்ந்துவிட்டது, எல்லாம் அவள் சொல்லுவாள். இவன் தூக்கி வைப்பான். போன வருசத்துக்கு முந்தின மழையில், பிரிந்துபோன ஒரு தேனீக் கூட்டத்தைப் பிடிக்க அயனி மரத்தில் ஏணி சாத்தி ஏறியவள் விழுந்துவிட்டாள். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே ஜன்னல்.

"இந்தத் தளிருக்கு ஒரே ஒருக்கா பெட்டிகிட்டக் கொண்டு போங்கன்னு கேக்கா. வேற எதையும் கேட்டது இல்ல."

"டாக்டர்?"

"போகலாம்னு சொல்லிட்டார். நிமிர்ந்து உக்கார முடியாது, படுக்க வச்சுத்தான். ஆனா இடுப்பு ஒரு பக்கமாத் திரும்பிடக் கூடாதுன்னார். வளைவுல உருண்டா திரும்பும்லா?"

"ஆம்புலன்ஸ்?"

"அதுல ஒருக்கா போயிட்டு வந்தா. விழுந்த அன்னைக்கு. இனிமேல் செத்தாலும் அதுல ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டா."

ஆசான் கையைத் துணியில் துடைத்தார். பின்தட்டின் கதவை இறக்கினார்.

"ஏறிப் படுங்க," என்றார்.

"யாரு?"

"நீங்கதான். அவங்க படுக்கப்போற இடத்துல."

தாசையன் சிரிக்கப் பார்த்தான். ஆசான் சிரிக்கவில்லை. தார்ப்பாயை விரித்து, தலையை முன்பக்கம் வைத்து மல்லாந்து படுத்தான். ஆசான் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார்.

வண்டி மலைப்பாதையில் ஏறியது.

வருசக்கணக்காக அந்தப் பாதையில் ஓட்டியவன் தாசையன். எந்த வளைவில் எப்போது ஸ்டீயரிங்கை ஒடிப்பது என்று அவன் கைக்குத் தெரியும். முதுகுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேலே வானமும் மரங்களின் உச்சிகளும்தான் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று உச்சிகள் ஒரு பக்கமாகச் சுழன்றன. உடம்பு தானாக மறுபக்கம் வழுக்கியது. பிடித்து நிறுத்துவதற்குள் அடுத்த வளைவு வந்து இந்தப் பக்கம் தள்ளியது. தலைக்கு மேலே எதையாவது பிடிக்க வேண்டும்போலிருந்தது. கை துழாவியது. தட்டின் ஓரத்து இரும்பு விளிம்பு அகப்பட்டது. அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.

திரும்பி வந்து நிறுத்தியதும் ஆசான் பின்னால் வந்தார்.

"எப்பிடி?"

"சாயுது ஆசான். நல்லாவே சாயுது."

"பிறகு?"

"எந்தப் பக்கம் சாயும்னு ஓட்டுறவனுக்குத் தெரியும். படுத்திருக்கவனுக்குத் தெரியாது."

"பிறகு?"

தாசையன் யோசித்தான். "அவ்வளவுதான்," என்றான்.

அவன் உள்ளங்கையில் இரும்பு விளிம்பு பதிந்திருந்த தடத்தை ஆசான் பார்த்தார்.

"சரி, ஜாக்கிய எடுங்க," என்றார்.

அன்று வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் சேறு சுரண்டி, துரு உரசி எடுத்ததோடு பொழுது போய்விட்டது.

வீட்டுக்குப் போனபோது கனகபாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

"கிரீஸ் நாத்தம் அடிக்கு," என்றாள்.

"வண்டியில கொஞ்சம் வேலை."

"ரப்பர் எந்த நிறத்துல நிக்கு?"

"செம்பு நிறம்."

"பச்சை பிடிக்கலையா?"

"கீழ்ப்பக்கத்து மரத்துல கொஞ்சம் பிடிச்சிருக்கு."

"அப்போ தேன் இறங்கத் தொடங்கியிருக்கும்," என்றாள். கண்களை மூடிக்கொண்டாள். மூடிய இமைகளுக்குப் பின்னால் அவள் எங்கே போய் நிற்கிறாள் என்று தாசையனுக்குத் தெரிந்தது. தளிர் இலையின் காம்பில், மூன்று இலையும் சேருகிற இடத்தில், ஊசிமுனை அளவுக்குத் தேன் துளி நிற்கும். முன்பெல்லாம் அதை விரலால் தொட்டு அவன் நாக்கில் வைத்து, "இப்போ பெட்டியத் திறக்கலாம்," என்று சொல்லுவாள்.

சூடு தண்ணீர் வைத்து அவள் உடம்பைத் துடைத்துவிட்டான். முதுகில் புண் வராதபடி அவளை ஒருபக்கம் புரட்டித் தலையணை கொடுத்தான். வேளாவேளைக்கு அவளைத் தூக்குகிறான், துடைக்கிறான், புரட்டுகிறான். மருத்துவமனையில் நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்கிறான், ஒரு பிசகு கிடையாது. அந்த வேலைகளுக்கு வெளியே அவளை அவன் தொட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. தொட்டால் வலிக்குமோ என்று முதலில் பயந்தான். பிறகு அந்தப் பயமே பழக்கமாகிவிட்டது. அவளுடைய கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில், ஓர் ஆளுக்கு மேல் கொள்ளாது. அவன் அடுத்த அறையில் பாயில் படுப்பான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அவள் கூப்பிடுவதில்லை.

மறுநாள் கம்பி மாட்டுகிற வேலை தொடங்கியது. ஆசான் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

பின் அச்சின் குறுக்கே கம்பியை வைத்து, ரப்பர் புஷ் சுற்றி, யூ போல்ட் கொடுத்துப் பிடிக்க வேண்டும். வளைந்த இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு சின்னத் தண்டு மேலே போய்ச் சட்டத்தோடு சேரும். அந்தத் தண்டுக்கு லிங்க் என்று பெயர். பெட்டியோடு வந்திருந்த படத்தைப் பார்த்துத் தாசையன் செய்துகொண்டே வந்தான். யூ போல்ட்டை மாட்டினான். முறுக்கினான்.

"அவிழுங்க," என்றார் ஆசான்.

"ஏன்?"

"அச்சு மேல சின்னதா ஒரு குழாய் போகுதே, பாருங்க."

பிரேக் எண்ணெய் போகும் குழாய். யூ போல்ட் அதன்மேல் உட்கார்ந்து நசுக்கப் பார்த்தது. தாசையன் அவசரமாக அவிழ்த்தான்.

"சாயாம இருக்கணும் சாயாம இருக்கணும்னு பாத்துட்டு, நிக்கணும்ங்கிறத மறந்துட்டேன்," என்றான்.

ஆசான் குழாயைத் தூக்கி வழிவிட்டுக் கட்டும் இடத்தை விரலால் காட்டினார்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. தாசையன் பெரிய ஸ்பானரை எடுத்து, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து நட்டுகளை இறுக்கப் போனான்.

"இப்போ முறுக்காதீங்க."

"இளகிக் கிடக்கே ஆசான்."

"கிடக்கட்டும். வண்டி ஜாக்கியில தொங்குது. கால் தரையில இல்லாதப்போ இறுக்கினா, இறக்கும்போது ரப்பர் பூரா முறுகிக்கிடும். கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். வண்டிய இறக்குங்க. அவங்க எடை எவ்வளவோ அவ்வளவு தட்டுல ஏத்துங்க. பிறகு அடியில போய் இறுக்குங்க."

தாசையன் ஜாக்கியை இறக்கினான். பட்டறை வாசலில் மணல் மூட்டைகள் கிடந்தன. அருகில் போய் நின்றான்.

"எத்தனை மூட்டை வைக்கணும்?" என்று ஆசான் கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நல்ல எடை ஆயிட்டா. நானே கேலி பண்ணுவேன்," என்றான் தாசையன். "இப்போ எவ்வளவுன்னு தெரியல. தினமும் தூக்குறேன். தூக்குறது தெரியவே மாட்டேங்குது."

ஒரு மூட்டையை எடுத்து வைத்தான். அதன் வாயைப் பிரித்து மணலைக் கொஞ்சம் கொட்டினான். தூக்கிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் கொட்டினான். அதைத் தட்டின் நடுவில் மெல்லப் படுக்கவைத்தான். பிறகு வண்டிக்கு அடியில் போய், மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு நட்டாக இறுக்கினான். அவன் வெளியே வர நேரம் பிடித்தது. ஆசான் கூப்பிடவில்லை.

கம்பியின் முனையில் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. லிங்க்கை எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். நுனியில் மாட்டினால் கம்பி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உள்ளே மாட்டினால் விடாப்பிடியாக நிற்கும். தாசையன் கேட்காமலே உள் ஓட்டையில் மாட்டியிருந்தான்.

"இதுதான் வேணுமா?" என்றார் ஆசான்.

"இதுலதான் சாயாது."

"ஏறிப் படுங்க."

இந்த முறை வளைவுகளில் வண்டி திடமாக நின்றது. உடம்பு வழுக்கவே இல்லை. தாசையனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படுத்தபடியே தலைமாட்டிலிருந்த கேபின் கண்ணாடியைத் தட்டி, "பிரமாதம் ஆசான்!" என்று கத்தினான். ஆசான் மேலே போய்த் திரும்பாமல், தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில் வண்டியை இறக்கினார்.

ஒரு சக்கரம் குழியில் விழுந்தது. குழி ஒரு பக்கம்தான், உதறியதோ இரண்டு பக்கமும். இந்தச் சக்கரம் இறங்கினால் அந்தச் சக்கரத்தையும் கம்பி இழுத்தது. தாசையனின் முதுகு பலகையிலிருந்து எழும்பி விழுந்தது. அடுத்த குழி. மறுபடியும். பல்லோடு பல் மோதியது. கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டான். அடுத்து எட்டிப் பக்கத்து விளிம்பைப் பிடித்தான். வண்டி நிற்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

பட்டறைக்குத் திரும்பி இறங்கியதும் ஸ்பானரை எடுத்தான். லிங்க்கை உள் ஓட்டையிலிருந்து கழற்றி நடு ஓட்டையில் மாட்டினான்.

"இப்போ கொஞ்சம் சாயும்லா ஆசான்?"

"சாயும்."

"சுத்தமா சாயாம, உதறவும் உதறாம, ஒரு வழியும் கிடையாதா? சாயாத வண்டின்னு ஒண்ணு உலகத்துல இல்லவே இல்லையா?"

"இருக்கே."

"எங்க?"

ஆசான் பட்டறையின் பின்புறம் கைகாட்டினார். புல் முளைத்த இடத்தில் ஒரு பழைய வேன், சக்கரங்கள் இல்லாமல், நான்கு பக்கமும் மரக்கட்டை கொடுத்து நின்றது. கதவு வழியாகக் கொடி ஏறியிருந்தது.

"அது சாயவே சாயாது," என்றார்.

தாசையன் அந்த வேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வீட்டிலிருக்கும் அந்த அறையும் ஜன்னலும் ஞாபகம் வந்தன. நடு ஓட்டையின் நட்டை முறுக்கத் தொடங்கினான்.

புறப்படும்போது ஆசானே சொன்னார்: "புதுசா மாட்டினது. மேல ஏறி இறங்குறதுக்கு நடுவுல ஒருக்கா எல்லா நட்டையும் பாத்துக்கிடணும். நானும் வாறேன். அன்னைக்கு மட்டும்."

"எனக்குத் தெரியும்லா இப்போ?"

"தெரியும். இருந்தாலும் வாறேன்."

ரப்பர் முழுதாகப் பச்சை பிடித்த ஒரு காலையில் கனகபாயை வண்டியில் ஏற்றினார்கள். தாசையன் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு வாசல் இறங்கினான். வெளிக்காற்று பட்டதும் அவளுக்குக் கண் கூசியது. முகத்தைத் திருப்பி அவன் தோளில் வைத்துக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை, படியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெத்தை, அதன்மேல் காற்றுமெத்தை. இரண்டு பக்கமும் இடுப்பை அணைத்துத் தலையணைகள். மார்புக்கும் முழங்காலுக்கும் குறுக்கே மெத்தென்ற துணிப்பட்டைகள். வெயிலுக்கு ஒரு பாதி மட்டும் மறைப்பு, வானம் தெரிய வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். எல்லாம் தாசையன் யோசித்து யோசித்துச் செய்தது. பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல."

"அடியில ஒரு கம்பி மாட்டியிருக்கேன். உருள மாட்ட. பயப்படாத."

"பயம் ஒண்ணும் இல்ல," என்றாள். "நீங்க எங்க இருப்பீங்க?"

"நான்தானே ஓட்டணும்."

அவள் தலையசைத்தாள்.

ஆசான் முன்னால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். தாசையன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியது கிடையாது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே தாண்டிப்போனான். ஒவ்வொரு வளைவிலும் தாசையன் பின்கண்ணாடியைப் பார்த்தான். அவளுடைய முன்நெற்றியும் கொஞ்சம் முடியும் மட்டும் தெரிந்தன. வளைவு முடிந்ததும், "பாத்தீங்களா ஆசான், எப்பிடி நிக்குது! நடு ஓட்டைதான் சரி. லிங்க் சத்தம் ஏதாவது கேக்குதா?" என்பான். ஆசான், "இல்ல," என்பார். அடுத்த வளைவு வரும். மறுபடி பேச்சு. மலை ஏறும்வரை தாசையன் அந்தக் கம்பியைப் பற்றியே பேசினான்.

தோட்டத்துக்குள் ரப்பர் மரங்களின் அடியில் பெட்டிகள் காலூன்றி நின்றன. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, கதவை இறக்கி, மெத்தையோடு அவளைத் திருப்பிவைத்தார்கள். முகம் பெட்டிகளைப் பார்க்க இருந்தது.

கனகபாய் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒன்று வந்து அவள் போர்வையின்மேல் உட்கார்ந்து, நடந்து, பறந்துபோனது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தாள்.

பிறகு கையை நீட்டினாள். "ஒரு கொத்து இலை பறிச்சுத் தாங்க."

தாசையன் தாழ்ந்த கிளையை வளைத்துப் பறித்துக்கொடுத்தான். காம்பு சேருகிற இடத்தை விரலால் தொட்டு அவள் தன் நாக்கில் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் பழைய குரலாக வந்தது.

"அந்த ஓரத்துப் பெட்டிக்கு மேல்தட்டு போடலையா? என்னத்துக்கு நிக்கிறீங்க? இடம் இல்லாம அதுங்க வெளிய தொங்குது பாருங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டா கூட்டம் பிரிஞ்சு போயிடும்."

"நாளைக்குப் போடுறேன்."

"இப்போ போடுங்க."

அவன் ஓடினான். பெட்டியைத் திறந்து, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தேனடைச் சட்டமாகத் தூக்கிக் காட்டினான். அவள் படுத்தபடியே, "அதுல ராணி இருக்கு, மெல்ல வைங்க... அதை வெயிலுக்கு எதிரே பிடிங்க, முட்டை தெரியுதா? ராணி கிழடு, அடுத்த மாசம் மாத்தணும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் புறங்கையில் ஒன்று கொட்டியது. "ஆ!" என்று கையை உதறினான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தாசையன் சட்டத்தைக் கையில் வைத்தபடியே அப்படியே நின்றான்.

ஆசான் தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. அவளுக்குக் கஞ்சி கொடுத்து, மருந்து கொடுத்து, கிளம்பும் நேரம் ஆயிற்று. மெத்தையை மறுபடி முன்னுக்குத் திருப்பி, தலையணைகளை அணைத்துவைத்து, பட்டைகளைக் கட்டினான். கட்டும்போது அவள் முகத்தைப் பார்த்தான். சற்று முன்னால் சிரித்த முகம் மங்கியிருந்தது.

"வீட்டுக்குப் போகணுமேன்னு இருக்கா?"

"இல்ல. போனாத்தானே திரும்ப வர முடியும்."

"ஏறும்போது சாஞ்சுதா?"

"கொஞ்சம்."

"வலிச்சுதா?"

"வலிக்கல."

"பிறகு என்ன? உண்மையச் சொல்லு கனகம். இறக்கத்துல போறதுக்குப் பயமா இருக்கா?"

அவள் மேலே பார்த்தாள். மரங்களுக்கு நடுவில் வானம் ஒரு துண்டு தெரிந்தது.

"முன்னால நீங்க ஆசான்கிட்டப் பேசிட்டே வந்தீங்க. சத்தம் கேட்டுது, என்னன்னு புரியல. என்ன பேசினீங்க?"

"கம்பியப் பத்தித்தான்."

"ம்," என்றாள்.

அந்த ஒற்றை எழுத்தோடு கண்ணை மூடிக்கொண்டாள். கை மெத்தையின் ஓரத்தைத் தாண்டி, தட்டின் இரும்பு விளிம்பைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொண்டது. வண்டி இன்னும் புறப்படக்கூட இல்லை.

தாசையன் இறங்கி வண்டியின் பின்பக்கம் வந்தான். ஆசான் அடியில் கிடந்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இளகியிருக்கவில்லை. வெளியே வந்து எழுந்து, முதுகில் ஒட்டிய சருகைத் தட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணே. நல்லா மாட்டியிருக்கீங்க."

"ஆசான்," என்றான் தாசையன். குரல் தணிந்திருந்தது. "கம்பி அதுக்கு உள்ள வேலையச் செய்யுது. நானும் பாத்தேன். ஆனாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அவ வாய் திறந்து சொல்ல மாட்டேங்கா. கையப் பாத்தா தெரியுது. இந்த மிச்சச் சாய்வுக்கு இன்னும் என்ன மாட்டணும்? எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, எந்த ஊரா இருந்தாலும் போய் வாங்கிட்டு வாறேன்."

ஆசான் துணியை எடுத்துக் கையை நன்றாகத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு அந்தக் கையை அவன் முன்னால் நீட்டினார்.

"சாவிய எங்கிட்டக் குடுங்க அண்ணே," என்றார். "நீங்க பின்னால ஏறுங்க."